பாதிப் படிப்பில் வரும் வேலை

பட்டம் கைக்கு வருவதற்கு முன்பே வேலை வந்து நிற்பது தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இன்று அபூர்வமில்லை. இன்டர்ன்ஷிப் போன நிறுவனம், ‘அடுத்த மாதமே சேர்ந்துவிடு, டிகிரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறது. ஆறாவது செமஸ்டரில் இருக்கும் பையன் ஒருவன் தானே கற்றுக்கொண்ட கோடிங்கை வைத்துச் சிறிய நிறுவனம் ஒன்றில் இடம்பிடித்துவிடுகிறான். வேறொரு வீட்டில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகிறது; அதே வாரம், ஸ்ரீபெரும்புதூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லி அனுப்புகிறார். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் இருக்கும் மகள் பையைக் கட்டுகிறாள். மூன்று பேரின் முன்னாலும் இருப்பது ஒரே கேள்வி போலத் தெரியும். அவர்கள் போடவேண்டிய கணக்கோ மூன்று விதம்.

ஊரில் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. என்ன பாடுபட்டாவது டிகிரியை முடித்துவிடு என்பது பெரியவர்கள் சொல்வது. பில் கேட்ஸ் முடித்தாரா, ஜுக்கர்பெர்க் முடித்தாரா என்பது இளைஞர்கள் திருப்பிக் கேட்பது. முதல் பதிலில் அனுபவம் இருக்கிறது, காரணம் சொல்லப்படுவதில்லை. இரண்டாவதில் உதாரணம் இருக்கிறது, அதன் முழுக்கதை இல்லை. கேட்ஸ் 1975இல் ஹார்வர்டை விட்டபோது விடுப்பு எடுத்துக்கொண்டுதான் போனார். மைக்ரோசாஃப்ட் படுத்திருந்தால் மறுபடி வகுப்பில் உட்கார அவருக்கு இடம் இருந்தது. சியாட்டிலில் வழக்கறிஞராக இருந்த தந்தையின் வீடும் இருந்தது. அவருடைய துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் துணிச்சலுக்குக் கீழே தாங்குவதற்கு என்ன இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் ஊர் உதாரணம் ராமானுஜன். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் ஆனார். அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்கு அப்படிக் கொடுப்பது வழக்கத்துக்கு மாறானது. அதைச் சாதிக்க நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், துறைமுகத்தில் நாராயண ஐயர், துறைமுகத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங், கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டி என்று எத்தனை பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது! அப்படியிருந்தும் 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு முறைப்படி ஒரு பட்டத்தை வழங்கியது. ராமானுஜனுக்கே விதியைத் தளர்த்த இவ்வளவு பேர் தேவைப்பட்டார்கள் என்றால், திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவிக்காக யார் தளர்த்துவார்கள்?

அதனால்தான் இந்த முடிவில் முதலில் பார்க்கவேண்டியது சம்பளத்தையும் இல்லை, பட்டத்தின் பெருமையையும் இல்லை என்று நான் நினைக்கிறேன். எதை விட்டுப் போனால் திரும்பி வர முடியும், எத்தனை நாளுக்குள், எவ்வளவு செலவில் என்பதைப் பார்க்க வேண்டும். அந்த வழி எல்லோருக்கும் ஒரே அகலத்தில் இல்லை. பலருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது.

பொருளாதார அறிஞர்கள் பட்டத்தின் மதிப்பைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக விவாதித்து வருகிறார்கள். கேரி பெக்கர் 1964இல் மனித மூலதனம் பற்றி எழுதிய நூலில், படிப்பு மனிதனின் திறமையைக் கூட்டுகிறது, கூடிய திறமைக்குத்தான் கூடுதல் சம்பளம் என்றார். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேறொரு கோணத்தைக் காட்டினார். வேலை கொடுப்பவருக்கு எதிரே நிற்பவரின் திறமை தெரியாது; கஷ்டப்பட்டு ஒரு பட்டத்தை முடித்திருக்கிறார் என்பது ஒரு சமிக்ஞை; நிறுவனம் அந்தச் சமிக்ஞைக்குத்தான் விலை கொடுக்கிறது என்பது அவருடைய வாதம். இருவரும் பின்னால் நோபல் பரிசு பெற்றார்கள். எது எவ்வளவு உண்மை என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நம் கேள்விக்கு அதிகம் பயன்படுவது இந்தச் சண்டையின் ஓரத்தில் கிடைத்த ஒரு கண்டுபிடிப்பு. அமெரிக்க ஊதியத் தரவுகளை வைத்து ஹங்கர்ஃபோர்டும் சோலனும் 1987இல் வெளியிட்ட ஆய்வு, படித்த ஆண்டுகள் கூடக்கூடச் சம்பளம் சீராக ஏறுவதில்லை என்று காட்டியது. பட்டம் முடியும் ஆண்டில் ஊதியம் சட்டென்று ஒரு படி தாவுகிறது. மூன்று ஆண்டு படித்து நிறுத்தியவருக்கும் நான்கையும் முடித்தவருக்கும் உள்ள இடைவெளி, அந்த ஓராண்டில் கற்ற பாடத்தின் அளவை விடப் பெரிது. பின்வந்த பல ஆய்வுகளும் இதை வெவ்வேறு அளவில் உறுதி செய்திருக்கின்றன. நம் ஊர் அனுபவமும் இதுதானே? ‘பி.இ. டிஸ்கன்டின்யூ’ என்று விண்ணப்பத்தில் எழுதுபவனை நேர்முகத் தேர்வில் பிளஸ் 2 முடித்தவனாகத்தான் பார்க்கிறார்கள். அவன் தேறிய ஆறு செமஸ்டரும் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு. வேலைக்குப் போனால் மாதம் 22,000 ரூபாய் கைக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். படிப்பை முடித்துவிட்டுப் போனால் அதைவிட மாதம் 4,000 கூடக் கிடைக்கும். ஒரே ஒரு செமஸ்டர் பாக்கி இருப்பவர் இழப்பது ஆறு மாதச் சம்பளம், அதாவது 1,32,000 ரூபாய். அந்தக் கூடுதல் 4,000த்தில் இது 33 மாதங்களில் ஈடாகிவிடும். இரண்டு ஆண்டு பாக்கி இருப்பவர் இழப்பது 5,28,000. அது ஈடாக 132 மாதங்கள், பதினோரு ஆண்டுகள், ஆகும். கட்டணமும் வட்டியும் வேறு. ஆக, ‘முடித்துவிட்டுப் போ’ என்ற புத்திமதி எட்டாவது செமஸ்டர் மாணவனுக்கு நூறு சதவீதம் சரி. ஐந்தாவது செமஸ்டர் மாணவனுக்கு அது தானாகவே சரியாகிவிடாது; அவன் விஷயத்தில் பட்டம் சம்பளத்தைத் தவிர வேறு என்ன தருகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த ‘வேறு’ நம் ஊரில் கொஞ்சநஞ்சமில்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4க்குப் பத்தாம் வகுப்பு போதும், குரூப் 2க்குப் பட்டம் வேண்டும். வங்கி அதிகாரி தேர்வு, யு.பி.எஸ்.சி., பி.எட்., சட்டப் படிப்பின் மூன்றாண்டுப் பிரிவு, எம்.பி.ஏ. எல்லாவற்றுக்கும் வாசலிலேயே பட்டத்தைக் கேட்பார்கள். வெளிநாடு போவதென்றால் இன்னும் கறார். அமெரிக்காவின் எச்-1பி விசாவில் பட்டம் இல்லாதவரின் அனுபவத்தைக் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் கல்லூரிப் படிப்பின் ஓராண்டுக்கு ஈடாக மூன்று ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். நான்காண்டுப் பட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு. ஜெர்மனி 2023 நவம்பர் முதல் தகவல் தொழில்நுட்பத் துறையினருக்கு மட்டும் சற்று இறங்கி வந்து, கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்று ஆண்டு தகுந்த அனுபவம் இருந்தால் பட்டம் இல்லாமலும் நீல அட்டை என்ற வேலை அனுமதியைத் தருகிறது. மெக்கானிக்கல், சிவில்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

பட்டத்தை இவ்வளவு நிறுத்துப் பார்க்கிறவர்கள் எதிர்த்தட்டில் இருக்கும் ஆஃபர் லெட்டரை அதே கவனத்தோடு படிப்பதில்லை. அதில்தான் எனக்குக் கவலை. ‘ஆண்டுக்கு 3.6 லட்சம்’ என்று எழுதியிருந்தால், மாதம் முப்பதாயிரம் என்று வீட்டில் எல்லோரும் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், நிறுவனம் கட்டும் பி.எஃப். 1,800 அந்த முப்பதாயிரத்துக்குள்ளேயே அடங்கும். கிராஜுவிட்டிக்கென்று 720 சொச்சம், ஆண்டு முடிவில் மதிப்பீட்டைப் பார்த்துத் தருவதாகச் சொல்லும் மாறுபடும் ஊதியம் ஒரு 3,000, காப்பீட்டுக்கு ஒரு 500. பிறகு நம் பங்கு பி.எஃப். 1,800, தொழில் வரி. கைக்கு வருவது 22,000க்குப் பக்கம். சென்னையில் பி.ஜி. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போக ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது எவ்வளவு என்று அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டே எழுதிப் பார்க்கலாம். பத்து நிமிட வேலைதான். அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை.

அடுத்தது சேரும் தேதி. ஆஃபர் லெட்டர் என்பது சேரும் தேதி இல்லை. 2001இல் டாட்காம் சரிவின்போதும், 2008-09 மந்தத்தின்போதும், மறுபடி 2022, 2023 ஆண்டுகளிலும் கேம்பஸில் தேர்வானவர்களைப் பெரிய தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் மாதக்கணக்கில் காக்கவைத்தன. சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆனது. அவர்களாவது பட்டத்தை முடித்துவிட்டுக் காத்திருந்தவர்கள். படிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் என்ன நிலை என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கேம்பஸ் ஆஃபரில் இன்னொரு நிபந்தனையும் இருக்கும்: சேரும் நாளில் ஒரு அரியர்கூட நிலுவையில் இருக்கக் கூடாது. வேலையை நம்பிக் கடைசி செமஸ்டரைக் கோட்டை விடுகிறவர்கள் பல நேரம் அந்த வேலையையும் சேர்த்தே கோட்டை விடுகிறார்கள்.

பிறகு பாண்ட். இரண்டு மூன்று ஆண்டுக்குள் வெளியேறினால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தத்தை ‘அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது’ என்று சீனியர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வங்கி ஒன்றில் மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அது பொதுத்துறை வங்கி, தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவைக் கணக்கில் கொண்ட தீர்ப்பு. எல்லா பாண்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் படிப்பை முடிக்கத் திரும்பிப் போகும்போது இந்தத் தொகை குறுக்கே வந்து நிற்கும் என்பதால் கையெழுத்துக்கு முன் படித்தாக வேண்டிய வரி இது. மதிப்பெண் பட்டியலின் அசலை வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. சான்றிதழ் விற்பனைச் சரக்கல்ல, பாக்கிக்காகப் பிடித்து வைக்கக் கூடாது என்று கல்லூரிகள் தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. அசலை யாரிடமும் விட்டுவிட்டு வரக் கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும்?

இத்தனையும் சொன்னதால் நான் வேலைக்கு எதிரானவன் என்று ஆகிவிடாது. சில நேரங்களில் வேலையைப் பிடித்துக்கொள்வதுதான் சரி. கனடாவில் ஓரியோபவுலோஸ், வான் வாக்டர், ஹைஸ் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, பொருளாதார மந்தத்தின்போது படித்து வெளியே வந்தவர்களின் ஊதிய இழப்பு தீர எட்டு, பத்து ஆண்டுகள் ஆவதைக் காட்டியது. சந்தை சரியும்போது கையில் இருக்கும் நல்ல வாய்ப்பின் மதிப்பு கூடுகிறது. ஆறு மாதம் கழித்து முடித்துவிட்டு வந்தால் அதே வேலை இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. வீட்டில் மருத்துவச் செலவு, கந்து வட்டிக் கடன், தம்பி தங்கை படிப்பு என்றிருக்கும்போது எதிர்காலத்தின் 4,000 ரூபாயை விட இந்த மாதத்தின் 22,000 பெரிது. அதை அவசரப் புத்தி என்று யாராவது சொன்னால், அந்த வீட்டின் அடுப்பை அவர் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

வேலை கொடுப்பவரே படிப்பின் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளும் இடங்கள் தனி ரகம். ஜோஹோ நிறுவனம், அப்போது அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்தது, ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் ஆறு மாணவர்களோடு ஒரு பள்ளியைத் தொடங்கியது. பிளஸ் 2 அல்லது டிப்ளமா முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி தருகிறார்கள். இன்று தென்காசியிலும் நடக்கிறது. அங்கே பயின்றவர்கள் அந்த நிறுவனத்தில் பட்டதாரிகளுக்குச் சமமாக வேலை பார்க்கிறார்கள். எச்.சி.எல்.-இன் டெக்பீ திட்டம் பிளஸ் 2வில் கணிதம் படித்தவர்களுக்குப் பயிற்சியும் வேலையும் கொடுத்து, வேலை பார்த்துக்கொண்டே சாஸ்த்ரா போன்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் படிக்க வழி செய்கிறது. விப்ரோ தொண்ணூறுகளிலிருந்தே பி.எஸ்சி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு பிட்ஸ் பிலானி மூலம் முதுகலைப் படிப்புத் தந்துவந்திருக்கிறது. இந்த ஏற்பாடுகளில் எனக்கு மரியாதை உண்டு. ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனிக்க வேண்டும். பட்டத்தோடு முடியும் திட்டத்தில் சேர்ந்தவரின் தகுதியை நாளைக்கு எந்த நிறுவனமும் மதிக்கும். பட்டம் இல்லாமல் முடியும் பயிற்சியை முழுதாக மதிப்பது பயிற்சி தந்த நிறுவனம்தான். ஜோஹோவைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் பிரின்ஸ்டனிலும் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். பட்டம் தேவையில்லை என்று அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதைச் சொல்லும் இடத்துக்கு அவர் வந்து சேர்ந்த வழியையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு தொழிற்சாலையின் கதையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. வேலைக்கு எடுத்தவர்களில் பெரும்பாலானோர் பிளஸ் 2 முடித்த கிராமத்துப் பெண்கள். காலையில் கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வரும், கேன்டீனில் சாப்பாடு, சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் அவர்கள். கடனை அடைத்தார்கள், கூரையை மாற்றினார்கள், தங்கையைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். வேலை உச்சத்தில் இருந்தபோது நேரடித் தொழிலாளர்கள் சுமார் 8,000 பேர். அந்த வயதில், அந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டு, கல்லூரி விண்ணப்பத்தை ஓரம் வைத்த முடிவை யார் தவறென்று சொல்ல முடியும்? உலகத்திலேயே அதிகம் கைபேசி விற்ற கம்பெனி அது.

2013இல் வருமான வரித் துறை சுமார் 2,000 கோடி ரூபாய் வரி கேட்டது. அதற்குள் ஸ்மார்ட்போன் வந்து நோக்கியாவின் சந்தையைத் தின்றுகொண்டிருந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வு என்ற பெயரில் பணத்தை வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1 அன்று ஆலை மூடப்பட்டது. பதினெட்டு வயதில் உள்ளே போன பெண்ணுக்கு அப்போது இருபத்தாறு. அந்தத் தொழிற்பேட்டை முழுக்க மறுபடியும் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்களைத்தான் தேடிக்கொண்டிருந்தது. எட்டு ஆண்டு அனுபவம் இருந்தது. அந்த அனுபவத்தை வேறெங்கும் எடுத்துப் போகக்கூடிய ஒரு சான்றாக யாரும் மாற்றித் தந்திருக்கவில்லை.

இதில் அந்தப் பெண்களின் கணிப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரி வழக்கையும் ஐபோனையும் அவர்கள் எப்படி முன்கூட்டிப் பார்த்திருக்க முடியும்? முதல் வேலைக்குப் பட்டம் வேண்டியிருக்காமல் போகலாம்; அந்த முதல் வேலை நம் கையை மீறிய காரணத்தால் போகும்போது இரண்டாவது வேலைக்கு அது வேண்டியிருக்கிறது. நோக்கியாவின் அந்தப் பழைய ஆலை பின்னர் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய் இயங்குகிறது. ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. ஓசூர்ப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆயிரக்கணக்கில் இளம்பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய் செலவில் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சிறிய நகரமே அங்கே தங்குகிறது. இத்தனை பேர் ஒரே வளாகத்தில் இருக்கும்போது, ஷிஃப்ட் முடிந்து வந்தவர்களுக்கு மாலையில் ஒரு பட்ட வகுப்பு நடத்துவது இந்த அரசாலும் அந்த நிறுவனங்களாலும் முடியாத காரியமா?

திரும்பி வரும் வழி காகிதத்தில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக விதிமுறைப்படி முழுநேர பி.இ. எட்டு செமஸ்டர், பதினான்கு செமஸ்டர் வரை, அதாவது ஏழு ஆண்டு வரை, முடிக்க அவகாசம் உண்டு. தகுந்த காரணத்துக்காக ஓராண்டு படிப்பு இடைவெளிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கலாம். வேலைக்குச் சேரவோ தொழில் தொடங்கவோ போகிறவர்களுக்கும் இதே வழிதான். அந்த ஓராண்டும் ஏழு ஆண்டுக்குள்தான் கழியும். திரும்பி வரும்போது பாடத்திட்டம் மாறியிருந்தால் புதிய திட்டத்தின்படி கூடுதல் பாடங்களை எழுத வேண்டியிருக்கும். விண்ணப்பித்துவிட்டுப் போனவனுக்கும் சொல்லாமல் வகுப்புக்கு வருவதை நிறுத்தியவனுக்கும் இடையே இருக்கும் தூரம் மிகப் பெரிது. முன்னவன் விடுப்பில் இருக்கும் மாணவன். பின்னவன் 75 சதவீத வருகைப்பதிவு இல்லாமல் தேர்வெழுத முடியாதவன். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கம்பெனியில் சேர்ந்திருக்கலாம். கல்லூரியின் பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் எத்தனை இடங்களில் இந்த விதியை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள்?

கலை, அறிவியல் மாணவர்களுக்கு வழி சற்று அகலம். இக்னோவில் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுக்குள் முடிக்கலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பழைய பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. தமிழக அரசு வேலைக்குப் போக நினைப்பவர்கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, பிறகு பட்டம் என்ற வரிசை பிசகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளஸ் 2 இல்லாமல் நேரடியாக வாங்கிய திறந்தநிலைப் பட்டம் அங்கே எடுபடாது. பொறியியலில் தொலைநிலை என்ற பேச்சுக்கே இடமில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில அப்படிக் கொடுத்த பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் நிறுத்தி வைத்தது. வேலையில் இருந்த பலர் மறுபடி தேர்வெழுத வேண்டி வந்தது. டிப்ளமாவோடு வேலைக்குப் போனவர்களுக்குப் பகுதிநேர பி.இ. இருக்கிறது. கோவையில் பகலில் லேத்துப் பட்டறையில் நின்றுவிட்டு மாலையில் வகுப்புக்குப் போய்ப் பட்டம் வாங்கியவர்களின் மரபே உண்டு. பி.இ.யைப் பாதியில் விட்டவனை விட, டிப்ளமாவை முழுதாக முடித்துவிட்டு வேலைக்குப் போனவனுக்குத் திரும்பும் வழி நேராக இருக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியாத உண்மை.

காகிதத்தில் வழி இருந்தும் எத்தனை பேர் திரும்புகிறார்கள்? அமெரிக்காவில் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் இல்லாமல் நின்றுவிட்ட, வேலை பார்க்கும் வயதினர் மூன்றரைக் கோடிக்கும் மேல். ஆண்டொன்றில் மறுபடி சேருகிறவர்கள் பத்து லட்சத்தை ஒட்டித்தான். மாலை நேரக் கல்லூரிகளும் இணையவழிப் பட்டங்களும் மலிந்த நாட்டிலேயே இதுதான் நிலை. சம்பளம் வரத் தொடங்கியதும் அதைச் சுற்றி ஒரு வாழ்க்கை வளர்ந்துவிடுகிறது. வண்டிக்கு இ.எம்.ஐ., தங்கை கல்யாணச் சீட்டு, பிறகு தன் கல்யாணம். பெண்களுக்குக் கல்யாணத்தோடு அந்தக் கணக்கே மாமியார் வீட்டின் கைக்குப் போய்விடுகிறது. ‘ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு வந்து முடிச்சிடறேன் சார்’ என்று சொல்லிப் போகிற மாணவர்கள் பொய் சொல்வதில்லை. அந்த ஒரு வருஷத்துக்குள் வாழ்க்கை அவர்கள் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றும் என்பது அவர்களுக்கு அப்போது தெரிவதில்லை.

புதிய தேசியக் கல்விக் கொள்கை இதற்குத் தீர்வென்று பல வெளியேறும் வாசல்களை வைத்திருக்கிறது. ஓராண்டு முடித்தால் சான்றிதழ், இரண்டாண்டுக்கு டிப்ளமா, தேறிய பாடங்களின் கிரெடிட்டுகளைச் சேமிக்க ஒரு வங்கி. அந்தச் சேமிப்பு ஏழு ஆண்டு வரை செல்லும். ஆறு செமஸ்டரும் யார் கண்ணிலும் படாமல் போகும் கொடுமைக்கு இது ஒருவகை மருந்துதான். ஆனால் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டில் 28.4, தமிழ்நாட்டில் 47. இந்த உயரத்துக்கு மாநிலம் வந்தது பிள்ளைகளைப் பாதியில் போக விடாமல் பிடித்து வைத்ததால்: பஸ் பாஸ், விடுதி, முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை, இப்போது புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய். வெளியேறும் வாசலை அகலமாகத் திறந்துவிட்டு, திரும்பி வருபவருக்கு இடமும் பணமும் நேரமும் ஏற்பாடு செய்யாவிட்டால், வெளியேறுபவர் யாராக இருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஓராண்டு வெளியே போய்விட்டு வருவான். இல்லாத வீட்டுப் பிள்ளை ஓராண்டுச் சான்றிதழோடு நின்றுவிடுவாள்.

மாதம் ஆயிரம் ரூபாய் கல்லூரியில் பிடித்து வைக்கும் கயிறு. மாதம் பதினைந்து, இருபதாயிரம் தொழிற்சாலைக்கு இழுக்கும் கயிறு. இந்த இழுபறியில் மாணவியை மட்டும் உறுதியாக நிற்கச் சொல்வது நியாயமாகாது. படிப்பு முடிய ஒரு செமஸ்டரே பாக்கி என்றால் சேரும் தேதியைத் தள்ளித் தரும்படி மாணவர் எழுதிக் கேட்கலாம். பெரும்பாலோர் கேட்பதே இல்லை, நல்ல நிறுவனங்கள் பல இதற்கு இணங்கும். கல்லூரி முதல்வர் ஒரு கடிதத்தைச் சேர்த்து எழுதினால் அந்த வேண்டுகோளின் எடையே வேறு. கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டை வேலை செய்யும் இடத்திலேயே செய்ய அனுமதிக்கும் தன்னாட்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. மற்றவையும் அதைப் பின்பற்றத் தடையேதும் இல்லை. வகுப்புக்கு வருவதை ஒரு மாணவர் நிறுத்தினால், வருகைப்பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போடுவதற்கு முன் துறைத்தலைவர் அவர் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்து, இடைவெளி விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கி வைக்கலாம். ஏழு ஆண்டு அவகாசத்தில் எத்தனை பாக்கி என்று அந்த விண்ணப்பத்தின் நகலிலேயே குறித்து, தேதியோடு அவர் கையில் கொடுத்து அனுப்பலாம்.